இளவேனில் வலசைக்கு ஈபேர்டு: அரிய பறவை அறிவிப்பை மட்டும் நம்பினால் போதுமா?

வலசைப் பறவைகள் திரும்பத் தொடங்கும் இளவேனிலின் முதல் வாரங்களில் ஒரு பறவை நோக்கர் அறிய விரும்புவது பெரும்பாலும் இரண்டு செய்திகளைத்தான்: தன் பகுதிக்கு இந்த ஆண்டு எவை வந்துவிட்டன, வந்தவற்றுள் எது வழக்கத்துக்கு மாறானது. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் தருவதாகக் கருதப்படும் சேவை, பறவை நோக்கர்கள் தாம் கண்டவற்றைப் பதியும் இணையதளமான ஈபேர்டு (eBird). அந்தச் சேவையின் எல்லாப் பக்கங்களையும் இங்கே எடைபோடப் போவதில்லை. ஆண்டின் இந்தக் குறுகிய பருவத்தில் அது எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம். பலரும் கணக்குத் தொடங்கிய கையோடு பதிவுசெய்துகொள்ளும் ‘அரிய பறவை அறிவிப்பு’ இப்பருவத்துக்கு அரைகுறையாகவே பொருந்துகிறது என்பதும், அதே சேவைக்குள் அதிகம் கவனிக்கப்படாமல் கிடக்கும் வேறு இரண்டு வசதிகள்தாம் இப்போது உண்மையில் பயன்படுகின்றன என்பதும் என் கருத்து.

ஈபேர்டை 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் இணைந்து தொடங்கின. 2010-இல் அது உலகம் முழுமைக்கும் விரிந்தது. 2021 மே மாதத்தில் அதன் பதிவுகள் 100 கோடியைத் தொட்டன. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பறவை பார்க்கச் சென்றவர் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு நடந்து பார்த்தார் என்பவற்றோடு, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் ஒரு பட்டியலாக அனுப்புகிறார். இறுதியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் பதிந்திருக்கிறீர்களா? அதற்கு ‘ஆம்’ என்ற விடையுடன் வரும் முழுப் பட்டியலில், இடம்பெறாத இனங்களும் ஒரு செய்தியாகிவிடுகின்றன. இந்தச் சிறு கேள்வியின் அருமை வலசைக் காலத்தில்தான் புலப்படும். அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் அரிய பறவை அறிவிப்பு. ஒரு நாட்டையோ மாநிலத்தையோ மாவட்டத்தையோ தேர்ந்தெடுத்து, நாளுக்கு ஒரு முறை அல்லது மணிக்கு ஒரு முறை மின்னஞ்சல் வரும்படி அமைத்துக்கொள்ளலாம். பறவையின் பெயர், எண்ணிக்கை, நாள், இடம், வரைபட இணைப்பு, பார்த்தவரின் குறிப்பு ஆகியவை அதில் இருக்கும். வடிவமைப்பில் அழகு ஏதும் இல்லை. எழுத்துகள் மட்டுமே கொண்ட அந்த மின்னஞ்சல் மிகப் பழைய காலத்து நிரல்போலத்தான் தோன்றும். ஆயினும் வழியில் நின்றபடி கைப்பேசியில் படிக்க அதுவே வசதியானது என்பதால் எனக்கு அதில் குறையில்லை.

எது அரியது என்று முடிவுசெய்யும் முறையைப் புரிந்துகொள்ளாமல் இந்த அறிவிப்பை நம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வோர் இனத்துக்கும், ஆண்டின் எந்தக் காலத்தில் எத்தனை பறவைகள் வரை இயல்பானவை என்று வரையறுக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அந்தந்தப் பகுதியை நன்கறிந்த தன்னார்வலர்களே அதை அமைக்கிறார்கள். வடிகட்டி ஒப்பாத இனத்தையோ எண்ணிக்கையையோ ஒருவர் பதிந்தால், மேல்விவரம் கேட்கப்படும். பின்பு மதிப்பீட்டாளர் ஒருவர் அதைப் பார்த்து ஏற்பார் அல்லது கேள்வி எழுப்புவார். மின்னஞ்சலில் ‘உறுதிசெய்யப்படவில்லை’ என்ற குறிப்பு இருந்தால், பெரும்பாலும் மதிப்பீட்டாளர் இன்னும் அதைப் பார்க்கவில்லை என்பதே பொருள். அதைப் ‘பொய்’ என்று வாசித்து, நல்ல பறவையைத் தவறவிடுவோர் உண்டு. அதையே ‘உண்மை’ என்று வாசித்து, இணைப்பைக்கூடத் திறந்து பார்க்காமல் கிளம்பிவிடுவோரும் உண்டு. பட்டியலைத் திறந்து, ஒளிப்படம் இருக்கிறதா, விளக்கம் பறவையின் உருவத்தைச் சொல்கிறதா, அல்லது ‘அதே பறவை, இன்னும் இருக்கிறது’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். மூன்றாவது வகைக் குறிப்பே மிகுதியாக வருகிறது என்பது வருத்தத்துக்குரியது. முதல் நாள் கண்டவரின் அடையாளம் தவறாக இருந்தால், அடுத்தடுத்து வருவோர் அதே பெயரைத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

இளவேனிலுக்கு இந்த ஏற்பாடு ஏன் முழுதாகப் பொருந்தவில்லை என்றால், இப்பருவத்தில் ஒரு பறவையைக் குறிப்பிடத்தக்கதாக்குவது பெரும்பாலும் நாள்தான். தகைவிலான் உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் பறவைகளுள் ஒன்று. கோடையில் அதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வடக்கில் பனி முழுதும் விலகாத வாரத்தில் நீர்நிலையொன்றின் மேல் பறக்கும் முதல் தகைவிலான் அந்தப் பகுதி முழுவதற்கும் செய்தி. வடிகட்டியும் நாளைக் கணக்கில் கொள்கிறது. இயல்பான வருகைக் காலத்துக்கு முன் வரும் பறவை அரியதாகவே அறிவிக்கப்படும். சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. வடிகட்டி ஓர் இனத்துக்கு ஒரு குறிப்பிட்ட தேதியில் திறக்கிறது என்றால், முந்தைய நாள் வந்த பறவை அறிவிப்பில் இடம்பெறும். மறுநாள் வரும் பறவை, அந்த மாவட்டத்துக்கே அந்த ஆண்டின் முதல் பறவையாக இருந்தாலும், அறிவிப்பில் வராது. பருவம் பிந்திய ஆண்டுகளில் இதன் விளைவு வேடிக்கையானது: எல்லோரும் காத்திருக்கும் வருகைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்துகொண்டிருக்கும், அறிவிப்பிலோ குளிர்காலம் முழுவதும் ஒரே ஏரியில் தங்கிவிட்ட அதே அரிய வாத்து நாள்தோறும் புதிய புதிய ஆட்களின் பெயரில் வந்துகொண்டிருக்கும்.

நிர்வாக எல்லைகளும் இடைஞ்சல்தான். ஏரி ஒன்றின் நடுவே மாவட்ட எல்லை ஓடினால், எதிர்க்கரையில் நிற்கும் பறவை உங்கள் அறிவிப்பில் வராது. அண்டை மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பதிவுசெய்துகொள்வது இதற்கு மாற்று. செய்துகொண்டால் மின்னஞ்சல் பெட்டி நிரம்பும். மாநில அளவில் பதிந்தாலோ, பொதுவாகப் பரவலாக உள்ள பறவை உங்கள் மாவட்டத்தில் மட்டும் அரிதாக இருக்கும்போது அந்தச் செய்தி தொலைதூரச் செய்திகளுக்கிடையே புதைந்துபோகும்.

இவ்வளவு சொன்ன பின்பும் இந்த அறிவிப்பை நிறுத்திவிடச் சொல்ல மாட்டேன். தெற்கிலிருந்து சாதகமான காற்று வீசும் நாள்களில் சில பறவைகள் தம் இனப்பெருக்க எல்லையைத் தாண்டி வடக்கே சென்றுவிடுகின்றன. தென் ஐரோப்பாவில் கூடுகட்டும் கொண்டலாத்திகள் பிரிட்டனின் தென்கரையில் ஆண்டுதோறும் இளவேனிலில் தென்படுவது இவ்வாறுதான். இத்தகைய வருகையை ஈபேர்டின் அறிவிப்பு நன்றாகவே பிடிக்கும். முற்றிலும் வழிதவறிய பறவை என்றால் அதன் பயன் இன்னும் கூடுதல். கிழக்கு ஆசியக் கடற்கரைகளுக்குரிய ஸ்டெல்லர் கடல் கழுகு ஒன்று 2021 மார்ச்சில் டெக்சாஸில் ஒளிப்படமெடுக்கப்பட்டது. அதே பறவை என்று கருதப்பட்ட கழுகு அந்த ஆண்டிலேயே கனடாவின் கிழக்குப் பகுதிகளிலும், ஆண்டின் இறுதியில் மாசசூசெட்ஸிலும் மெய்னிலும் காணப்பட்டது. சிறகில் இருந்த வெண்ணிறத் திட்டுகளை ஒப்பிட்டே அது ஒரே பறவை என்ற முடிவுக்கு வந்தார்கள். தேதியும் இடமும் ஒளிப்படமும் சேர்ந்த பதிவு முறை ஒன்று இல்லாவிட்டால் இப்படிக் கோத்துப் பார்ப்பது எளிதன்று.

இப்பருவத்துக்கென்றே செய்ததுபோல் அமைந்திருப்பது ‘தேவை அறிவிப்பு’. நீங்கள் ஒரு பகுதியில் இதுவரை பதியாத இனத்தை வேறொருவர் பதிந்தால் அது உங்களுக்குச் சொல்லும். வாழ்நாள் கணக்கிலும் வைத்துக்கொள்ளலாம், நடப்பு ஆண்டுக் கணக்கிலும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக் கணக்கைத் தேர்ந்தவர்களுக்கு ஜனவரி முதல் வாரம் தொல்லையாகவே இருக்கும். காகமும் புறாவும்கூடத் ‘தேவை’ என்று வரும். பலர் அப்போதே வெறுத்து நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். பொறுத்திருந்தால், பிப்ரவரி முடிவதற்குள் உள்ளூர்ப் பறவைகளும் குளிர்கால விருந்தாளிகளும் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். பின்பு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் கிட்டத்தட்ட வருகைச் செய்தியாகவே இருக்கும். வடிகட்டியின் தேதியோ மதிப்பீட்டாளரின் ஒப்புதலோ இங்கே குறுக்கே வருவதில்லை. ஐரோப்பாவில் இளவேனிலின் தொடக்கத்திலேயே வந்துவிடும் நீலச்சிறகி, அங்கே அரியதாக அறிவிக்கப்படாத நாளிலும், தேவை அறிவிப்பில் தவறாமல் நிற்கும். மாவட்ட அளவில், நாளுக்கு ஒரு முறை என்று அமைத்துக்கொள்வதே போதுமானது. மணிக்கு ஒரு முறை வரும் அறிவிப்பு, கிளம்பத் தயாராக வாசலில் நிற்பவர்களுக்கு மட்டும்.

இதன் குறையும் அதன் கணக்கிலேயே இருக்கிறது. ஓர் இனத்தின் முதல் பறவையை நீங்கள் பார்த்துவிட்டால், அந்த ஆண்டுக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது. ஆனால் வலசை ஒரே நாளில் முடிவதில்லை. பாடும் பறவைகள் பலவற்றில் ஆண்கள் முன்னே வந்து இடம்பிடிக்க, பெண்கள் சில நாள்கள் கழித்தே வருகின்றன. மஞ்சள் வாலாட்டியில் தலை நிறத்தால் வேறுபடும் உள்ளினங்கள் பல உண்டு. மேற்கு ஐரோப்பாவில் அங்கேயே கூடுகட்டும் உள்ளினம் முதலில் வர, இன்னும் வடக்கே செல்லவேண்டிய சாம்பல்தலை உள்ளினம் பின்னரே கடந்து செல்கிறது. ஈபேர்டில் உள்ளினத்தைப் பதிய வழி இருக்கிறது. பார்த்த இனங்களின் கணக்கில் மட்டும் எல்லாம் ஒரே மஞ்சள் வாலாட்டிதான். இரண்டாம் அலையைப் பிடிக்க நினைப்பவர் தன் கண்ணையே நம்ப வேண்டும்.

இந்தச் சேவையில் நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதி பட்டை வரைபடம். ஒரு பகுதியையோ பறவை பார்க்கும் ஒரே ஓர் இடத்தையோ தேர்ந்தெடுத்தால், அங்கே பதியப்பட்ட எல்லா இனங்களும் வரிசையாக வரும். ஒவ்வொரு மாதமும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் 48 கட்டங்களில் ஒவ்வோர் இனத்துக்கும் மெல்லியதும் தடித்ததுமான பச்சைக் கோடு ஓடும். கோட்டின் தடிப்பு காட்டுவது பறவைகளின் எண்ணிக்கையை அன்று. அந்த வாரத்தில் வந்த முழுப் பட்டியல்களுள் எத்தனை விழுக்காட்டில் அந்த இனம் இடம்பெற்றது என்பதை. மேலே சொன்ன அந்தச் சிறு கேள்விக்கு மக்கள் நேர்மையாக விடையளிப்பதால்தான் இந்தக் கோடு பொருளுடையதாகிறது.

முதல் வருகைத் தேதிகளை மட்டும் சேகரிக்கும் பழக்கம் பறவை நோக்கர்களிடம் நெடுநாளாக உள்ளது. செய்தித்தாள்களும் அதை விரும்பி வெளியிடுகின்றன. அந்தத் தேதி எவ்வளவு நிலையற்றது என்பதைப் பட்டை வரைபடத்தைப் பார்த்தவர்கள் உணர்வார்கள். பார்ப்பவர்களின் தொகை பெருகினாலே முதல் தேதி முன்னே நகரும். பறவைகள் ஒரு நாளும் முந்தாமல் இருக்கலாம். வார இறுதிகளில் அதிகமானோர் வெளியே செல்வதால் முதல் பதிவுகள் சனி, ஞாயிறுகளில் குவியும்; பறவைக்குக் கிழமை தெரியாது. இனப்பெருக்க இடத்துக்கு அருகிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்ட தனிப் பறவை ஒன்று முதல் வருகையாகக் கணக்கில் ஏறிவிடவும் கூடும். கோடு எப்போது தடிக்கத் தொடங்குகிறது என்பதே வருகையின் உண்மையான காலத்தைக் காட்டும். எனவே ஒரு பதிவைப் பார்த்து வியப்பதற்கு முன் அந்த மாவட்டத்தின் பட்டை வரைபடத்தைத் திறந்து, அந்த வாரத்தில் கோடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. கோடே இல்லையென்றால் அது செய்தி. நூலிழைபோல் ஒரு கோடு இருந்தால், முன்னே வருபவை எப்போதும் சில உண்டு என்று பொருள்.

பட்டியல்கள் குறைவாக வரும் பகுதிகளில் இந்த வரைபடம் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரு வாரத்தில் மொத்தமே நான்கு பட்டியல்கள் வந்து, அவற்றுள் இரண்டில் ஒரு பறவை இருந்தால் கோடு தடித்துத் தெரியும். நூற்றுக்கணக்கான பட்டியல்கள் வரும் ஊரின் கோட்டுக்குரிய நம்பகம் அதற்குக் கிடையாது. திரையில் பார்த்தவுடன் இந்த வேறுபாடு கண்ணில் படாதது குறையே. வரைபடத்தின் எண்களைத் தரவிறக்கினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை பட்டியல்கள் அடிப்படை என்பது தெரியும். எத்தனை பேர் அவ்வளவு தொலைவு செல்வார்கள்?

கார்னெல் ஆய்வகமே வெளியிடும், பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலியையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஈபேர்டில் இப்போது ஏறும் பல பதிவுகளின் தொடக்கம் அதுதான். 2014-இல் வந்த இச்செயலியில் 2021-இல் ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் வசதி சேர்ந்தது. மரங்கள் இலைவிடும் முன்பே பாடத் தொடங்கும் பறவைகளை அறிய அது மிகச் சிறந்த துணை. காதில் விழுந்தும் நாம் கவனிக்காத மெல்லிய குரல் ஒன்றைப் பெயரிட்டுத் திரையில் காட்டும்போது, எங்கே பார்க்க வேண்டும் என்ற தூண்டுதல் கிடைக்கிறது. அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. ஸ்டார்லிங் பறவை பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடும். ஐரோப்பாவில் கோட்டானின் குரலையும் மாங்குயிலின் குரலையும் அது பாடிக் கேட்டவர்கள் பலர். வட அமெரிக்காவின் ‘நீல ஜே’ என்னும் பறவை, பருந்தின் குரலை எழுப்பும். நம் துடுப்புவால் கரிச்சானின் திறமையைச் சொல்லவே வேண்டாம். ஐரோப்பாவுக்கு வரும் மாங்குயில் இன்னும் சகாரா பாலைவனத்துக்கு அப்பால் இருக்கும் வாரத்தில் செயலி ‘மாங்குயில்’ என்றால், முதலில் ஐயுற வேண்டியது கூரையில் அமர்ந்திருக்கும் ஸ்டார்லிங்கை. ஒலிப்பதிவைச் சேமித்துப் பட்டியலோடு இணைப்பவர் மதிப்பீட்டாளருக்கு உதவுகிறார். ‘மெர்லின் சொன்னது’ என்று மட்டும் எழுதுபவர் அவருக்கு வேலை வைக்கிறார்.

வானிலை ரேடாரைக் கொண்டு இரவில் வலசை செல்லும் பறவைகளை அளக்கும் பேர்ட்காஸ்ட் பற்றிச் சில வரிகள் போதும். 143 வானிலை ரேடார்களின் தரவிலிருந்து, இன்றிரவு எங்கே எவ்வளவு பறவைகள் வானில் இருக்கின்றன என்று காட்டுகிறது. இளவேனிலில் மார்ச் முதல் நாளிலிருந்து அடுத்த மூன்று இரவுகளுக்கான முன்கணிப்பும் தருகிறது. இரவில் பெருந்திரளாகக் கிளம்பிய பறவைகள் விடியும் முன் மழையையோ எதிர்காற்றையோ சந்தித்தால் கிடைத்த தோப்பில் இறங்கிவிடும் என்பதால், முன்கணிப்பையும் மழை வரைபடத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மறுநாள் காலை எங்கே நிற்பது என்று தெரிந்துவிடும். ரேடார் இனத்தைச் சொல்லாது. மேலும் இச்சேவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடர்நிலப்பரப்புக்கு மட்டுமே உரியது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் காற்றின் திசையைத் தாமே பார்த்துக் கணிக்க வேண்டியதுதான்.

ஈபேர்டு செய்யும் நல்ல காரியம் ஒன்று பலருக்கு எரிச்சலூட்டுகிறது. வேட்டைக்கோ கடத்தலுக்கோ தொந்தரவுக்கோ எளிதில் ஆளாகும் இனங்களின் துல்லியமான இடத்தை அது பொதுவில் காட்டுவதில்லை; அவை அறிவிப்புகளிலும் வருவதில்லை. கூடுகட்டத் தொடங்கும் பருவத்தில் இது மிகச் சரியான முடிவு. இப்படி மறைக்கப்படாத மற்றப் பறவைகளுக்கு அத்தகைய காப்பு இல்லை. நெடுந்தொலைவு பறந்து, உடல் கொழுப்பெல்லாம் கரைந்து, கடற்கரையின் முதல் புதரில் இறங்கிய சிறு பறவையைச் சுற்றி மணிநேர அறிவிப்பைக் கண்டவர்கள் எல்லோரும் கூடினால், அது இரை தேட வழியின்றிப் போகும். இங்கே பொறுப்பு பதிபவரிடமே இருக்கிறது. பட்டியலை மாலையில் அனுப்புவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

பறவையின் பிறப்பிடம் குறித்த குழப்பமும் இப்பருவத்தில் தலைதூக்கும். வரித்தலை வாத்து மத்திய ஆசியாவில் கூடுகட்டித் தெற்காசியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும் காட்டுப் பறவை. ஐரோப்பாவில் அது தென்பட்டால் வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதாகவோ தப்பியவற்றின் வழிவந்ததாகவோதான் இருக்கும். 2022-இலிருந்து ஈபேர்டு இத்தகைய பறவைகளைத் தனிக் குறியிட்டுக் காட்டுகிறது. தேவையான மாற்றம், தாமதமாக வந்தது.

சேவையின் மிகப் பெரிய இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. இளவேனில் என்றாலே வருகை என்ற வடக்கு நாட்டாரின் பார்வையில்தான் அறிவிப்புகள் அனைத்தும் அமைந்திருக்கின்றன. வெப்ப நாடுகளிலும் தென் கோளத்திலும் இருப்பவர்களுக்கு அதே வாரங்கள் புறப்பாட்டுக் காலம். 2007 மார்ச்சில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று நியூசிலாந்திலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 10,000 கி.மீ. கடந்து மஞ்சள் கடலின் கரையை அடைந்தது. மஞ்சள் கடலில் நின்றவருக்கு அது வருகை. நியூசிலாந்தில் நின்றவருக்கு, நேற்று இருந்த பறவை இன்று இல்லை. குளிர்காலச் சாம்பல் நிறம் மாறி, செம்பழுப்பு இனப்பெருக்கக் கோலத்தில் உள்ளான்களும் மூக்கன்களும் நிற்பது இந்தக் கடைசி நாள்களில்தான். வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் குறைவதும் இப்போதுதான். பார்க்கவும் பதியவும் இவ்வளவு இருந்தும், ‘உங்கள் மாவட்டத்தில் நீலச்சிறகி கடைசியாகப் பதியப்பட்டது இந்த நாளில்’ என்று சொல்லும் அறிவிப்பு எதுவும் மின்னஞ்சலில் வருவதில்லை.

வருகையைப் போல் புறப்பாட்டை உடனே அறிவிக்க முடியாது என்பது உண்மைதான்; கடைசிப் பறவை எது என்பது அடுத்த சில வாரங்கள் வெறுமையாகக் கழிந்த பின்பே தெரியும். அதற்குரிய தரவு ஈபேர்டிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டை வரைபடத்தில் கோடு மெலிந்து மறையும் இடம் அதுவே. ஆனால் அந்த இடம் சரியாக விழ வேண்டுமானால், வாத்துகள் போன பிறகும் அதே குளத்துக்குச் சென்று முழுப் பட்டியல் அனுப்புவோர் தேவை. பெரும்பாலோர் பறவைகள் குறைந்ததும் குளத்தை விட்டுவிடுகிறார்கள். பட்டியல்கள் நின்றதால் மறைந்த கோட்டையும் பறவைகள் சென்றதால் மறைந்த கோட்டையும் பார்த்த பார்வையில் பிரித்தறிய முடிவதில்லை. கடைசி நாளை அறிய விரும்புபவர், தன் குளத்துக்கு மேலும் இரண்டு மூன்று வாரங்கள் சென்று, வாத்தே இல்லாத பட்டியலையும் ‘ஆம், எல்லாவற்றையும் பதிந்தேன்’ என்ற விடையோடு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும்.